யார் கண்டது?

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே பாறசாலை நோக்கிச் செல்லும் பெருவழியில் உள்ள சிறிய கடைத்தெரு உதியன்குளங்கரை. அவ்வழியே இன்னும் சில கல் தொலைவு சென்றால் கேரளம் முடிந்து களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு நிலத்தின்மேல் விழுந்ததேயன்றி நாவின்மேல் விழவில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்கின்ற பிள்ளைகளை இன்றும் அப்பகுதியில் காணலாம். இரு மொழியும் அறிந்த ஊருக்கு இரு மடங்கு செய்தி. இரு மடங்கு வதந்தியும் அவ்வாறே.

அவ்வூரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் நாம் தங்கியிருந்தபோது நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. வீட்டுப் பெரியவர் எழுபதைக் கடந்தவர். நாள்தோறும் காலையில் மலையாளத் தாள் ஒன்றும் தமிழ்த் தாள் ஒன்றும் வரி விடாமல் படிக்கும் பழக்கமுடையவர். அன்று மாலை அவருடைய கைப்பேசிக்கு ஒரு குரற்பதிவு வந்தது. சந்தைப் பக்கம் பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கியிருக்கிறது, அவர்கள் வடநாட்டார், போர்வை விற்பவர்போல் வீடு வீடாக வருகிறார்கள், இரண்டு குழந்தைகளைக் காணவில்லை என்று ஒரு பெண்குரல் விம்மலோடு சொல்லிற்று. பெரியவர் பதறிப்போனார். பதறிய கையாலேயே அதனை உறவினர் குழுவுக்கும் கோயில் திருப்பணிக் குழுவுக்கும் அனுப்பிவிட்டார். அருகிலிருந்த பேர்த்தி, ஒன்பதாம் வகுப்பு மாணவி, "பாட்டா, இத ஆரு கண்டது?" என்று கேட்டாள்.

"எல்லாரும் சொல்லுதாவ மக்கா."

"எல்லாரும் சொல்லுதாவ, செரி. கண்டது ஆரு?"

பெரியவருக்கு விடை இல்லை. அப்பெண் பதிவை மீண்டும் ஒருமுறை கேட்டுவிட்டு, குரலில் ஊர்ப்பெயரே இல்லை என்பதையும், கீழே எழுத்தில் மட்டும் களியக்காவிளை என்று சேர்த்திருப்பதையும் எடுத்துக்காட்டினாள். சென்ற ஆண்டு இதே குரல் வேறோர் ஊரின் பெயரைத் தாங்கி அவளுடைய வகுப்புத் தோழியின் வீட்டுக்கு வந்ததாம்.

இக்காலத்து இளைஞர் செய்தித்தாளைத் தொடுவதில்லை, கைப்பேசியில் வருவதையெல்லாம் வேதவாக்காக நம்புகின்றனர் என்னும் குறையை நாம் சங்கக் கூட்டங்களிலும் திண்ணைகளிலும் ஓயாது கேட்டு வருகிறோம். நாமும் சொல்லியிருக்கிறோம். அன்று முதல் அக்குறையைச் சொல்ல நம் நா சற்றே கூசுகிறது. இளைஞர் தாளைத் தொடுவதில்லை என்பது பெரும்பாலும் மெய். கைப்பேசியில் வருவதை நம்பிவிடுவோர் அவர்கள் மட்டுமே என்பது மெய்யன்று. பதிவைக் கேட்டவுடன் அனுப்பிய விரல் எழுபது வயதினது. யார் கண்டது என்று கேட்ட நா பதினான்கு வயதினது.

அக்கேள்வி அச்சிறுமிக்கு எங்கிருந்து வந்தது என்று வினவினோம். பள்ளியில் சொல்லித் தந்தார்கள் என்றாள். கேரளத்தில் 2017-ஆம் ஆண்டு தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது, அவ்வூசி பிள்ளைகளுக்குத் தீங்கு விளைவிக்கும் என்ற பொய் வாட்ஸ்அப் வழியே பரவிப் பெற்றோர் பலரைத் தடுத்தது. அதன் விளைவாகக் கண்ணூர் மாவட்ட ஆட்சியர் அரசுப் பள்ளிகள் ஏறத்தாழ 150-இல் பொய்ச்செய்தியை இனங்காணும் வகுப்புகளைத் தொடங்கினார். பின்னர் 2022-இல் மாநில அரசின் கைட் நிறுவனம் 19 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்க்கு இப்பயிற்சியை அளித்தது. பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. பாட்டன்மார்க்கு யாரும் நடத்தவில்லை.

ஆனால் பாடம் புதியதன்று. பௌத்தர்களாகிய நமக்கு அது மிகப் பழையது. சாதகக் கதைகளுள் முயலின் கதையை அறியாதார் இரார். பனங்கன்றின் அடியில் படுத்திருந்த ஒரு முயல், உலகம் இடிந்து விழுந்தால் நம் கதி என்ன ஆகும் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அந்த நொடியில் வில்வப்பழம் ஒன்று உதிர்ந்து பனையோலைமேல் சடசடவென்று விழுந்தது. உலகம் இடிந்துவிட்டது என்று முயல் ஓடிற்று. கண்ட முயல்களெல்லாம் பின்னே ஓடின. மானும் பன்றியும் எருமையும் புலியும் யானையும் ஓடின. கடலில் விழுந்து மாளவிருந்த அக்கூட்டத்தைச் சிங்கமாய்ப் பிறந்திருந்த போதிசத்துவர் மறித்து நின்று, இடிந்ததைக் கண்டவர் யார் என்று கேட்டார். ஒவ்வொரு விலங்கும் தனக்குச் சொன்ன மற்றொன்றைக் காட்டிற்று. இறுதியில் கேள்வி முயலிடம் வந்து நின்றது. சிங்கம் முயலைப் பழிக்கவில்லை. முதுகில் ஏற்றிக்கொண்டு பனங்கன்றின் அடிக்கே சென்று, பழம் கிடப்பதைப் பார்த்துத் திரும்பிற்று.

இக்கதையில் நாம் பலகாலும் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. முயல் பொய் சொல்லவில்லை. அது ஓசையைக் கேட்டது மெய், அஞ்சியது மெய். ஓசை கேட்பதற்கு முன்னமேயே உலகம் இடியும் என்ற எண்ணம் அதன் மனத்தில் குடியிருந்தது. பழம் அவ்வெண்ணத்தின்மேல் விழுந்தது. பெரியவரின் கைப்பேசிக்கு வந்த குரலும் அவருள் முன்னமே இருந்த அச்சத்தின்மேல்தான் விழுந்தது. வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த முன்பின் அறியாத முகங்கள் சந்தையிலும் செங்கற்சூளையிலும் பெருகிவிட்டன. பேர்த்தி தனியே பள்ளிக்குச் சென்று வருகிறாள். வதந்தியை ஆக்குபவன் புதிதாக எதையும் ஆக்குவதில்லை. நம் மனத்தின் சருகுக் குவியல் எங்கே உள்ளது என்று பார்த்துத் தீக்குச்சியை எறிகிறான்.

அத்தீ எவ்வாறு எரியும் என்பதற்கு 2018-ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தார் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். பிள்ளை பிடிப்பவர் என்று கருதிய ஊரார் திரண்டு அடித்ததில் 65 வயதுடைய மூதாட்டி உயிர் இழந்தார். அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஊருக்குப் புதியவரான ஒருவர் கொல்லப்பட்டார். சூலை முதல் நாள் மகாராட்டிரத்துத் துலே மாவட்டத்தில் ஐவர் மாண்டனர். அந்நாட்களில் நாடெங்கும் சுற்றிய ஒரு படக்காட்சி, மோட்டார் சைக்கிளில் வந்தவர் குழந்தையைத் தூக்கிச் செல்வதாகக் காட்டிற்று. அது கராச்சி நகரில், குழந்தைகளைக் காக்க வேண்டும் என்று பெற்றோருக்கு அறிவுறுத்த எடுக்கப்பட்ட படம். முடிவில் அவர்கள் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு அறிவிப்புப் பலகையைத் தூக்கிக் காட்டுவர். அக்கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். நல்லெண்ணத்தோடு எடுத்த படமும் வால் நறுக்கப்பட்டுக் கொலைக்கருவி ஆயிற்று. அதே சூலைத் திங்களில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒருவர் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் கடத்த இயலாதவாறு வரையறுத்தது. கடத்தப்பட்ட செய்தி என்ற அடையாளத்தையும் பொறித்தது. அடையாளம் யார் கண்டது என்று சொல்லாது. வந்தவருக்கும் அது சொந்தமன்று என்று மட்டும் சொல்லும்.

இவற்றைச் சொல்லும்போது இவை கல்லாதார் செயல், வேற்றுச் சமயத்தார் செயல் என்று எண்ணி அமைதியடைய நமக்கு உரிமை இல்லை. நம் நெஞ்சைச் சுடும் ஒன்றையும் கூறியாக வேண்டும். 2018 பெப்ருவரி இறுதியில் இலங்கையின் அம்பாறை நகரில், ஓர் இசுலாமியர் உணவுக்கடையில் உண்டவர் உணவிற் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, சிங்களரை மலடாக்கும் மாத்திரை இது என்று கூச்சலிட்டார். தமிழ் பேசும் கடைக்காரருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. சூழ்ந்து நின்ற கூட்டத்தின் கேள்வி விளங்காமல் அச்சத்தால் ஆம் என்றார். அந்த "ஆம்" படமெடுக்கப்பட்டு முகநூலில் தீவெங்கும் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசின் பகுப்பாய்வில் அக்கட்டி வெறும் மாவு என்று தெரிந்தது. அதற்குள் மார்ச்சுத் திங்கள் பிறந்து, சாலைத் தகராறு ஒன்றில் தாக்குண்டவரின் மரணத்தை அடுத்துக் கண்டி மாவட்டத்துத் திகன, தெல்தெனியப் பகுதிகளில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசு நெருக்கடி நிலையை அறிவித்துச் சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்கிற்று. 2020-இல் முகநூல் நிறுவனம் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. எரித்தவர்களுள் நம் பகவன் புத்தரின் பெயரைச் சொல்லி வணங்குவோர் இருந்தனர். மியான்மரில் ரோகிங்கியா மக்களுக்கு நேர்ந்ததிலும் அவ்வாறே. முயலின் கதையைத் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்த நாடுகள் அவை. கதையை அறிந்திருப்பது வேறு, ஓட்டத்தின் நடுவில் நிற்பது வேறு.

இவ்விடத்தில் நம்மவர் எடுத்துக்காட்டுவது காலாமர்க்கு அருளிய உரை. கேசபுத்தம் என்னும் ஊரிலிருந்த காலாமர், தங்களிடம் வரும் துறவியர் ஒவ்வொருவரும் தம் கொள்கையை உயர்த்திப் பிறர் கொள்கையைப் பழிக்கின்றனர், யாரை நம்புவது என்று கேட்டனர். இன்று கைப்பேசியைத் திறக்கும் இளைஞனின் கேள்வியும் சொல் மாறாமல் இதுவே. பலர் சொல்வதாலும், வழிவழி வந்ததாலும், நூலில் இருப்பதாலும், தருக்கத்துக்குப் பொருந்துவதாலும், சொல்பவர் தகுதியுடையவராகத் தோன்றுவதாலும், நம் ஆசான் என்பதாலும் மட்டும் ஒன்றை ஏற்க வேண்டா என்று பகவன் விடை கூறினார். இவ்வளவில் நிறுத்திக்கொள்வது இன்றைய வழக்கம். நிறுத்தினால், எவரையும் நம்பாதே, உனக்குப் பிடித்ததை நம்பு என்று ஆகிவிடும். இதனைத்தான் பல இளைஞர், தம்மை அறியாமலே, தம் கொள்கையாகக் கொண்டுள்ளனர். தாளெல்லாம் விலைபோனவை, தொலைக்காட்சியெல்லாம் கட்சிக்காரருடையவை, ஆகவே நான் பின்தொடரும் ஒருவர் சொல்வதே மெய் என்பார். பத்துக் கதவையும் பூட்டிவிட்டுப் பலகணி வழியே திருடனை அழைப்பது போன்றது இது.

பகவன் அங்கே நிறுத்தவில்லை. வேட்கையும் வெகுளியும் மயக்கமும் உள்ளத்தில் எழுந்தால் அவை நன்மை தருமா தீமை தருமா என்று காலாமரையே திருப்பிக் கேட்டார். அறிவுடையோர் பழிப்பதையும் புகழ்வதையும் கருதிப் பார்க்கவும் சொன்னார். சோதனை சொல்பவன்மேல் மட்டும் நடப்பதன்று. கேட்பவனுடைய உள்ளத்தின்மேலும் நடக்கிறது. இச்செய்தி என்னுள் எதனை மூட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கைப்பேசியின் பின்னாலிருக்கும் கணக்குமுறை இதனை நம்மைவிட நன்றாக அறியும். எது மெய் என்று அது தேடுவதில்லை. எதைப் பார்க்கும்போது நம் விரல் நின்றது, எதற்குச் சினந்து மறுமொழி எழுதினோம் என்று குறித்துக்கொண்டு, அதனையே மீண்டும் மீண்டும் கொணர்ந்து பரிமாறுகிறது. நம் வேட்கையையும் வெகுளியையும் இவ்வளவு நுட்பமாக அளந்த கருவி இதற்குமுன் உலகில் இருந்ததில்லை.

ஆயினும் இச்சோதனையில் ஒரு பெருந்தொல்லை உண்டு. சினத்தை மூட்டும் செய்தியெல்லாம் ஐயத்துக்குரியது என்று கொண்டால், ஒடுக்கப்பட்டோரின் மெய்ச்செய்தி முழுவதையும் குப்பையில் எறிய வேண்டியதாகும். 2023 ஆகத்து மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியலினத்து மாணவர் ஒருவரை அவருடன் பயின்ற மாணவரே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். இச்செய்தியைக் கேட்டுக் குருதி கொதியாதவன் அறவோன் அல்லன், மரக்கட்டை. அச்செய்தி பரவியதால்தான் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைந்தது; பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடுப்பது முதலான பரிந்துரைகள் 2024 சூனில் அரசிடம் சென்றன. "அமைதி கெடும், பரப்பாதே" என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால், அவ்வமைதி யாருடைய அமைதி என்று நாம் கேட்டிருப்போம்.

நம் சங்கத்தின் பிறப்பே இக்கேள்வியில்தான் இருக்கிறது. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர், 1907 சூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து "ஒரு பைசாத் தமிழன்" என்ற இதழைத் தொடங்கினார். இதழின் பெயரே விலையைச் சொல்லிற்று. மறுவருடம் "தமிழன்" என்று பெயர் சுருங்கியது. 1914-இல் பண்டிதர் மறையும் வரை அவ்விதழ் நடந்தது. பின்னர் 1926-இல் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் அதனை மீண்டும் நடத்தினார். பிறர் தாள்கள் அச்சேற்றத் தயங்கியவற்றை அவ்விதழ் அச்சேற்றியது. படித்தவர் பலர்க்கு அது கசந்தது. மெய்யாயும் பயனுடையதாயும் இருப்பின், கேட்பவர்க்கு இனியதன்றாயினும், காலம் அறிந்து சொல்லத்தக்கதே என்று பகவன் அபய இளவரசனுக்கு விளக்கியதும் இதனையே.

ஆகவே சினம் எழுந்தது என்பதால் செய்தி பொய்யாகிவிடாது. சினம் எழுந்தபோது நாம் நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். நாங்குநேரிச் செய்தியை அவ்வாறு நின்று கேட்டால், எங்கே, எவ்வூரில், எந்நாளில், எந்த நீதிமன்றத்தில் என்ற ஒவ்வொரு கேள்விக்கும் விடை உண்டு. போர்வை விற்பவனின் செய்தியை நின்று கேட்டால் ஒன்றுக்கும் விடை இல்லை. மேலும், முன்னது இன்னார் செய்த தீமையைச் சொல்கிறது. பின்னது இன்ன இனத்தார் எல்லோரும் தீயவர் என்கிறது. அதே நாங்குநேரி நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு தத்தம் சாதிப் பெருமை பேசும் பாட்டும் படமுமாய்த் தொடுத்துப் பரப்பினால், மெய்ச்செய்தியே பின்னதன் இனத்தில் சேர்ந்துவிடும். நம் கண்முன் வந்த சில துணுக்குகள் அத்தகையன.

அப்படியாயின் அரசு முத்திரையிட்டதை மெய்யென்று கொள்ளலாகாதா என்று ஓர் இளைஞர் கேட்டார். உதியன்குளங்கரையில் நின்று இக்கேள்விக்கு விடை தேடுவது எளிது. ஏனெனில் அண்மையிலுள்ள நெய்யாற்றின்கரையே சுதேசாபிமானி இராமகிருட்டிண பிள்ளையின் ஊர். வக்கம் மௌலவி நடத்திய "சுதேசாபிமானி" இதழுக்கு ஆசிரியராயிருந்து, திருவிதாங்கூர்த் திவான் இராசகோபாலாச்சாரியாரின் ஆட்சியில் நிலவிய ஊழலை எழுதினார். 1910 செப்டம்பர் 26-ஆம் நாள் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் கைது செய்யப்பட்டுத் திருநெல்வேலிக்கு நாடு கடத்தப்பட்டார். மௌலவியின் வாழ்நாளில் அச்சகம் திரும்பவில்லை. பிள்ளை பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே 1916-இல் கண்ணூரில் மறைந்தார். நாடு கடத்தப்பட்ட நிலையிலும் 1912-இல் பத்திரிகைத் தொழில் பற்றி மலையாளத்தில் ஒரு நூல் வெளியிட்டார் என்பது நினைந்து மகிழத்தக்கது. அன்று அரசு முத்திரையை நம்பியவன் அவரைத் தீயவர் என்று கொண்டிருப்பான்.

இதனால் அரசு சொல்வதெல்லாம் பொய் என்று முடிவு கட்டுவோர் 2023 மார்ச்சை நினைக்க வேண்டும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று படங்கள் பரவின. ஓலிப் பண்டிகைக்கு ஊர் செல்ல இரயில் நிலையத்தில் திரண்ட கூட்டத்தை, உயிர் தப்பி ஓடும் கூட்டம் என்றனர். படங்களுள் ஒன்று இராசத்தானத்தில் நடந்த வேறொரு நிகழ்ச்சி. அந்நாள் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, நம் குமரி மாவட்டத்தவரே, தாமே பேசி மறுத்தார். பீகார் அரசு குழு அனுப்பி நேரில் விசாரித்தது. அன்று அரசு சொன்னதே மெய். 1910-இல் அரசு தவறியது, 2023-இல் தவறவில்லை. முத்திரையில் மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று ஒன்றிய அரசின் குழுவே முடிவு செய்யலாம் என்று 2023-இல் செய்த விதித்திருத்தத்தைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாது என்றது பொருத்தமே என்பது நம் கருத்து. வழக்காடுபவனே தீர்ப்பும் எழுதலாகாது.

பின் எதைத்தான் பற்றுவது? பழைய தாள்களுக்கு இருந்து இக்காலச் செய்திக்கு இல்லாத ஒன்றை நாம் காண்கிறோம். முகவரி. 1951-இல் தென்திருவிதாங்கூர்த் தமிழர்க்காகத் திருவனந்தபுரத்தில் "தினமலர்" தோன்றியபோது, அதில் பிழை கண்டவன் எந்தத் தெருவுக்குச் சென்று எவரைக் கேட்பது என்று அறிவான். அயோத்திதாசரிடம் வாதாட விரும்பியவர் இராயப்பேட்டைக்கு எழுதினர். இராமகிருட்டிண பிள்ளை எழுதியதற்கு நாட்டையே இழந்து விடை சொன்னார். இக்குரற்பதிவுக்காக நாடு கடத்த விரும்பினால் யாரைக் கடத்துவது? அச்சிட்டவர் பொய்யே சொல்லவில்லை என்று நாம் சொல்லோம்; நிறையச் சொல்லியிருக்கின்றனர். சொன்னவன் இன்னான் என்று தெரிந்திருந்தது. இன்றும் கைப்பேசியிலேயே, தம் பெயரையும் இடத்தையும் சொல்லி, தவறினால் திருத்தம் வெளியிடும் செய்தியாளர் இல்லாமல் இல்லை. இளைஞர் அவரைக் கண்டுபிடித்துப் பின்பற்றினால், அது தாளாயின் என்ன, திரையாயின் என்ன?

மணிமேகலையில் சாத்தனார் அளவைகளை வகுத்துரைக்குமிடத்து ஐதிகம் என ஒன்று வரும். இம்மரத்தில் தெய்வம் உண்டு என்று உலகம் சொல்வதால் தெளிவது. அறவணர் காட்டும் புத்த நெறியோ காண்டல், கருதல் என்னும் இரண்டையே அளவையாகக் கொள்ளும். இக்காலத்தில் காண்டலுக்கும் இடர் வந்துவிட்டது. 2023-இல் கோழிக்கோட்டில் ஒருவர் தம் பழைய உடன்பணியாளரின் முகத்தையே திரையில் கண்டு, குரலையே கேட்டு, 40,000 ரூபாய் அனுப்பி ஏமாந்தார்; முகமும் குரலும் செயற்கை நுண்ணறிவு ஆக்கியவை. இப்பியை வெள்ளியென்று கொள்ளும் திரியக்கோடலை அந்நூல் அன்றே குற்றமெனக் கூறிற்று. தேராது தெளிதலையும் கூறிற்று. நம் இளைஞர் சிலர் இதற்கு அஞ்சி மறு கோடிக்கு ஓடுகின்றனர். எல்லாமே பொய்யாயிருக்கக்கூடும், ஆகவே எதைப் பற்றியும் எனக்குக் கருத்து இல்லை என்பர். ஐயமும் குற்றங்களுள் ஒன்றாகவே அங்கே எண்ணப்பட்டிருப்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம். எதற்கும் பிடிகொடாமல் விலாங்குபோல் நழுவுவோரைப் பகவனும் கண்டித்துள்ளார். நாங்குநேரிச் சிறுவனுக்கு அந்நழுவலால் என்ன பயன்?

சங்கி என்னும் அந்தணர் பெயரால் வழங்கும் உரையில், மெய்யைக் காத்தல் என்று ஒரு செயலைப் பகவன் சொல்கிறார். மெய்யை அறிவது பின்னர் வருவது. காப்பது எவர்க்கும் இன்றே இயலும். கேட்டதைக் கேட்டேன் என்றும், நம்புவதை நம்புகிறேன் என்றும் சொல்லி, இதுவே மெய், மற்றவை பொய் என்று தாவாதிருப்பது அது. நம்மிடமிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். உதியன்குளங்கரை என்ற பெயரைக் கேட்டவுடன், சங்ககாலச் சேரன் உதியஞ்சேரலின் பெயரால் அமைந்த ஊர் என்று எழுத நம் கை துடித்தது. அழகிய கட்டுரைத் தொடக்கமாகவும் அமைந்திருக்கும். பெயர் ஒத்திருப்பதைக் கண்டோம். அதற்குமேல் ஒன்றும் கண்டிலோம். எழுதியிருந்தால் இவ்விதழைப் படித்தவர் பத்துப் பேர்க்குச் சொல்லியிருப்பர். அவர்களுள் ஒருவர் ஊர் வரலாற்றில் சேர்த்திருப்பார். நாமும் முயலாகியிருப்போம்.

பொய்யாமை என்னும் நான்காம் சீலத்தை நாவுக்கு மட்டும் உரியது என்று நெடுங்காலம் கொண்டிருந்தோம். செய்தி கடத்தும் விரலும் இப்போது நாவே. நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்பது விடையாகாது. கோள் சொல்பவன் எக்காலத்தும் அதனையே சொல்லி வந்திருக்கிறான். பிளவுபடுத்தும் சொல்லும் பயனில் சொல்லும் நல்வாய்மையின் எதிரிகளாக எண்ணப்பட்டதன் காரணம், சொன்னவனே அவற்றை ஆக்கினான் என்பதன்று. அவன் வாய்வழியே அவை உலகில் மேலும் ஓரடி சென்றன என்பதே.

பேர்த்தி சொன்ன பிறகு பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு குழுவுக்கும், தாம் அனுப்பியது தாம் கண்டதன்று, விசாரியாமல் அனுப்பிவிட்டேன், பொறுத்துக்கொள்க என்று தம் பெயரோடு எழுதினார். அவ்வாறு எழுத அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. எழுத்துப் பலகையில் அவர் விரல் பழகவில்லை. உறவினர் குழுவில் ஒருவர் கைகூப்பும் படம் ஒன்றை இட்டார். திருப்பணிக் குழுவிலிருந்து மறுமொழி வரவில்லை. மறுநாட் காலை பால் கொண்டுவந்தவர், களியக்காவிளைப் பக்கம் பிள்ளை பிடிக்கிறார்களாமே என்று அவரிடமே கேட்டார்.